மூன்றாம் எச்சரிக்கை

லியோனில் காலை ஒன்பது அடிக்கையில்
ரோஸ் ஹில்லில் நண்பகல்.
அரிசி களைந்த கையைத் துண்டில் துடைத்து
ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால்
நான் சில்வி.
வாகனக் காப்பீடு, சேதப் பிரிவு, சொல்லுங்கள் மேடம்.

என் அலுவலகம்
சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே
இஸ்திரி மேசை நின்ற இடம்.
அது இப்போது கட்டிலுக்கடியில் படுத்திருக்கிறது.
அதற்காவது ஓய்வு கிடைத்தது.

நல்லதும் உண்டு, பொய் சொல்லக் கூடாது.
பள்ளி விட்டு வரும் நிலெனுக்குக் கதவு திறக்க ஆள் இருக்கிறது.
எபென் கட்டடத்து ஏசியில் விறைத்த முழங்கால்கள்
தேறிவிட்டன.
மெட்ரோ காசு மிச்சம். மாதக் கடைசியில் எண்ணியும் பார்த்தேன்.
அந்த ஜன்னல் பக்க இருக்கையை
எந்தக் கணக்கில் எழுதுவது என்றுதான் தெரியவில்லை.
போக பதினோரு நிமிஷம்.
பெயர் சொல்லி எவரும் கூப்பிடாத பதினோரு நிமிஷம்.

நீதான் வீட்டிலேயே இருக்கிறாயே
என்று தொடங்கும் வாக்கியம்
எப்படி வேண்டுமானாலும் முடியும்.
எரிவாயு உருளையில். மாமியாரின் கண் சொட்டு மருந்தில்.
மேல்வீட்டுக்காரியின் பார்சலில்.
நாத்தனாரின் இரண்டு வயது மகள்
ஒரு மணி நேரம்தான் அண்ணி என்று
மாலைவரை என் காலடியில் பென்சில் கடித்தாள்.

ஒருநாள் குக்கர் விசிலடித்தது.
ரயில் நிலையத்திலா இருக்கிறீர்கள்,
என்றது எதிர்முனைக் கிழட்டுக் குரல்.
ஆமாம் மேடம்.
எங்கே போகிறது அது?
இன்னும் இரண்டு விசில் பாக்கியிருந்தது.
தெற்கே, என்றேன்.
பருப்பு குழைந்துபோகும்வரை
இருவரும் பேசாமல்
அது போவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பிப்ரவரியில் வானொலி சொன்னது: மூன்றாம் எச்சரிக்கை.
தீவு கதவைச் சாத்திக்கொண்டது.
துறைமுகத்திலிருந்து தனென் வந்துவிட்டார்.
ரொட்டி, மெழுகுவத்தி, நான்கு டப்பா மத்தி மீன்.
ஜன்னல் கண்ணாடிகளில் பெருக்கல் குறியாய் நாடா ஒட்டினார்.
கெட்டவர் இல்லை.
சோபாவில் நீட்டிப் படுத்து, சீட்டுக்கட்டை எடுத்து
சூடா ஏதாவது இருக்கா என்றார்.

எனக்குக் குழுத்தலைவியின் செய்தி:
வீட்டிலிருப்பவர்கள் பத்திரம்தானே?
அப்படியானால் பன்னிரண்டுக்கு இணைந்துகொள்ளுங்கள்.
பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம்.

அண்டை வீட்டுத் தகரம் பிய்ந்து
தெருவில் உருண்டு போனபோது
சூப்பர் மார்க்கெட் வாசலில் கீறல் விழுந்த ஒரு பெஜோவுக்காக
ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன்.
உங்கள் பக்கம் வானிலை எப்படி, என்றார் அந்த மனிதர்.
சுமார்தான், என்றேன்.

மூன்று நாற்பதுக்கு மின்சாரம் போயிற்று.
மோடத்தின் பச்சைக் கண் மூடியது.
பெஜோக்காரர் பாதி வார்த்தையில் அறுந்தார்.
கைபேசி டேட்டாவில் இணையலாம்,
விதி அப்படித்தான் சொல்கிறது.
கைபேசியைக் குப்புறக் கவிழ்த்தேன்.

ஹெட்செட்டை மட்டும் கழற்றவில்லை.
கழற்றினால் தேநீர்.
கழற்றினால் கண் சொட்டு மருந்து, ஈரத் துணி,
மெழுகுவத்தியை எங்கே வைத்தாய்.

நாற்காலியை ஓசையில்லாமல் ஜன்னல் பக்கம் திருப்பினேன்.
நாடாக்களுக்கு நடுவே
கோர் தெ கார்த் மலை
மழையில் போவதும் வருவதுமாக இருந்தது,
அல்லது நான்தான் நகர்ந்துகொண்டிருந்தேன்.

நிலென் வந்தான்.
கறுத்த திரையைப் பார்த்தான். அதில் தன் முகத்தைப் பார்த்தான்.
என்னைப் பார்த்தான்.
ஒன்றும் கேட்கவில்லை.
கூடத்தில் அவன் குரல் மட்டும் கேட்டது:
மெதுவா பேசுங்க பப்பா,
அம்மா கால்ல இருக்காங்க.